கேஸ் கட்டணத்தை ஏற்றக் கேட்கிறார்கள்: நம் பக்கம் பேச யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவில் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் இருந்து ஒரு வாசகர் கேட்டது: "நைகோர் கேஸ் ஆண்டுக்கு 31.4 கோடி டாலர் கூடுதலாகக் கேட்டு மனு போட்டிருக்கிறது. 2023-இல்தானே ஏற்றினார்கள்? ஆணையம் எப்படியும் தலையாட்டிவிடும். நமக்காக வாதாட ஆள் இருக்கிறார்களா? இருந்தாலும் ஏதாவது பலன் உண்டா?"

2025 ஜனவரி 12

ஆள் இருக்கிறார்கள், பலனும் உண்டு. 2023-இலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த வருடம் எங்கள் இல்லினாய் மாநிலத்தில் பெரிய எரிவாயு நிறுவனங்கள் எல்லாமே ஒரே நேரத்தில் கட்டண உயர்வு கேட்டன. சிகாகோ நகரத்துக்குள் எரிவாயு கொடுக்கும் பீப்பிள்ஸ் கேஸ் 40.2 கோடி டாலர் கேட்டது. புறநகர்களுக்குக் கொடுக்கும் நைகோர் 32 கோடி கேட்டது. நவம்பர் 16 அன்று, கட்டணத்தை முடிவு செய்யும் இல்லினாய் வணிக ஆணையம் தீர்ப்புச் சொன்னபோது பீப்பிள்ஸ் கேஸுக்குக் கிடைத்தது சுமார் 30 கோடி, நைகோருக்கு சுமார் 22.3 கோடி. உயர்வு உயர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையில் இருக்கிற இந்தச் சுமார் 20 கோடி டாலர் வருடா வருடம் நம் பில்லில் ஏறியிருக்கும். ஏறாமல் தடுத்தது சும்மா நடந்ததில்லை.

தடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியது சிட்டிசன்ஸ் யுட்டிலிட்டி போர்டு. சுருக்கமாக 'கப்' என்பார்கள். வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் ஆணையத்தின் முன் வாதாடுவதற்கென்றே 1983-இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானது. அடுத்து மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமை வக்கீல், அலுவலகம். அப்புறம் ஆணையத்தின் சொந்த ஊழியர்கள். இவர்கள் நம் வக்கீல்கள் இல்லை, நடுநிலையாகக் கணக்கைப் பார்ப்பவர்கள். ஆனாலும் நிறுவனம் போட்ட கணக்கில் அடித்துத் திருத்துவதில் ஒரு பங்கு இவர்கள் கையால் நடக்கிறது.

மனு போட்டதிலிருந்து 11 மாதத்துக்குள் ஆணையம் முடிவு சொல்லியாக வேண்டும். இப்போது போட்ட மனுவுக்கு இந்த வருடக் கடைசியில்தான் தீர்ப்பு. இன்னும் நேரம் இருக்கிறது.

2025 ஜனவரி 13

"எப்படியும் வெட்டுவார்கள் என்று தெரிந்து கூட்டிக் கேட்பார்கள், இது இரு தரப்பும் சேர்ந்து ஆடும் நாடகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூட்டிக் கேட்கிறார்கள் என்பதை ஏற்கிறேன். நாடகம் என்பதை ஏற்க மாட்டேன்.

நான் தொழிலால் கணக்காளர். 2023 தீர்ப்பைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். வெட்டப்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் அதில் காரணம் எழுதியிருக்கிறது. யாரோ ஒருவர் அந்தச் செலவைத் தேடிக் கண்டுபிடித்து, கேள்வி கேட்டு, பதில் வாங்கி, அந்தப் பதிலையே சாட்சியமாக வைத்திருக்கிறார். பங்குதாரர் லாபத்தோடு கட்டிய அதிகாரி போனஸை நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் ஆணையத்தின் வழக்கமான நிலை. ஆனால் அதை யாராவது சுட்டிக்காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது உள்ளேயே உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று, சட்டப்படி நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. கட்டணம் நியாயமானது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். நியாயமற்றது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை.

2025 ஜனவரி 18

நிறையப் பேர் குழப்பிக்கொள்கிற இடம் இது. "உலகச் சந்தையில் எரிவாயு விலை இறங்கியாச்சு, பிறகு ஏன் உயர்வு?" என்று மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வழக்கு எரிவாயு விலையைப் பற்றியதே இல்லை. இல்லினாயில் நிறுவனம் எரிவாயுவை என்ன விலைக்கு வாங்குகிறதோ அதே விலைக்குத்தான் நமக்குக் கொடுக்க வேண்டும். அதில் லாபம் வைக்கக் கூடாது. அந்தத் தொகை மாதா மாதம் மாறும், அதற்குத் தனிக் கணக்கு. வழக்கு நடப்பது அதை நம் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கும் கட்டணத்தைப் பற்றி. குழாய், மீட்டர், லாரி, ஆள், அலுவலகம், இவற்றின் மேல் லாபம்.

ஒரு ஆகஸ்ட் மாத பில்லை எடுத்துப் பாருங்கள். ஜனவரி பில் வேண்டாம், அதில் குளிர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆகஸ்டில் ஹீட்டர் ஓடாது. அடுப்பும் வெந்நீரும் மட்டும், மொத்தமே சில தெர்ம் (பில்லில் எரிவாயுவை அளக்கும் அலகு). எரிவாயுவுக்கான தொகை சில டாலர்தான் இருக்கும். அதற்கு மேலே வாடிக்கையாளர் கட்டணம் என்று மாறாத ஒரு தொகை. அடுப்பைப் பற்ற வைக்காமலே இருந்தாலும் அது வரும். அதன் கீழே விநியோகக் கட்டணம், பிறகு வரிகள், சிறு சிறு சேர்ப்புகள். நாம் எரித்தது கொஞ்சம், கட்டுவது அதிகம். அந்த நிலைக்கட்டணத்தை ஏற்றுவதா, தெர்முக்கான கட்டணத்தை ஏற்றுவதா என்பது வழக்கில் பெரிய சண்டை. நிறுவனத்துக்கு நிலைக்கட்டணம் பிடிக்கும், குளிர் குறைந்த வருடத்திலும் பணம் வந்துவிடும். ஒற்றைப் படுக்கையறையில் தனியாக இருக்கும் மூதாட்டிக்கு அது அடி. ஜன்னல் இடுக்கை அடைத்து, தெர்மோஸ்டாட்டை இறக்கி எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அந்தத் தொகை குறையாது.

2025 ஜனவரி 19

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் வேறு சப்ளையரிடம் மாறிவிடலாமே" என்கிறார். அவசரப்படாதீர்கள். மாறினால் மாறுவது எரிவாயு வாங்கும் விலை மட்டும். விநியோகக் கட்டணம் பழைய நிறுவனத்துக்கே போகும். லாபம் வைக்காமல் விற்கும் இடத்திலிருந்து லாபம் வைத்து விற்கும் இடத்துக்குப் போகிறோம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். "உங்கள் பில்லைக் காட்டுங்கள், தள்ளுபடி வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்றார். மாமனார் பில்லைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டார். கணக்கு எண் அதில்தான் இருக்கிறது. சில மாதம் நிலையான விலை, பிறகு விலை மேலே. வெளியே வரப் பல தொலைபேசி அழைப்புகள் ஆயின. வாசலில் யார் வந்தாலும் பில்லைக் காட்டாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

2025 ஜனவரி 26

இப்போது லாபம். இதுதான் வழக்கின் நடுநரம்பு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நிறுவனம் பூமிக்குள் புதைத்த குழாய், நிறுத்திய கம்ப்ரெசர், வைத்த மீட்டர் எல்லாவற்றின் மதிப்பிலும் தேய்மானத்தைக் கழித்தால் வருவது ரேட் பேஸ். அதில் ஏறக்குறையப் பாதி கடன், பாதி பங்குதாரர் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனுக்கு வட்டியை நாம் கட்டுகிறோம். பங்குதாரர் பணத்துக்கு ஆணையம் ஒரு லாப விகிதம் நிர்ணயிக்கிறது. 2023-இல் நைகோருக்கு 9.51 சதவீதம், பீப்பிள்ஸ் கேஸுக்கு 9.38. அந்த லாபத்துக்கு நிறுவனம் கட்டும் வருமான வரியும் நம் கட்டணத்தில்தான் வரும். தேய்மானமும் நம்முடையதே.

கணக்கு ஒன்று: ரேட் பேஸ் 300 கோடி டாலர், பங்குப் பணம் அதில் பாதி 150 கோடி. லாப விகிதத்தில் அரை சதவீதம் குறைத்தால் வருடத்துக்கு 75 லட்சம் டாலர் மிச்சம், வரி தனி. அரை சதவீதம் என்றால் நமக்குக் காதில் விழாது. அதற்காகத்தான் இரு பக்கமும் நிதி நிபுணர்களைக் கொண்டு வந்து நிறுத்தி நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.

இந்த விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு பழைய தீர்ப்புகளை இன்றும் எடுத்து வைக்கிறார்கள். ஒன்று 1923-இல் புளூஃபீல்ட் வழக்கு. இன்னொன்று 1944-இல் ஹோப் நேச்சுரல் கேஸ் வழக்கு. நிறுவன வக்கீல்கள் ஹோப்பை எடுத்து "முதலீட்டாளருக்குத் தகுந்த லாபம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்பார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வழக்கு எப்படித் தொடங்கியது தெரியுமா? கிளீவ்லாந்து நகரமும் ஆக்ரன் நகரமும், எங்கள் ஊருக்கு வரும் எரிவாயுவுக்கு அதிகம் வாங்குகிறார்கள் என்று புகார் கொடுத்ததில். கட்டணத்தை வெட்டிய உத்தரவைத்தான் நீதிமன்றம் கடைசியில் உறுதி செய்தது. முதலீட்டாளர் நலன், நுகர்வோர் நலன், இரண்டையும் சீர்தூக்கு என்பதுதான் அதில் இருக்கிறது. நுகர்வோர் தரப்பு வக்கீலுக்கு அந்தத் தீர்ப்பு எதிரி இல்லை, ஆயுதம்.

2025 பிப்ரவரி 2

"நாம் எழுதுகிற கருத்தை யாராவது படிப்பார்களா?" இதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2023 வழக்கின்போது எங்கள் தெருவில் ஒரு ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், கருத்து எழுத என்னிடம் உதவி கேட்டார். முதலில் அவர் எழுதி வைத்திருந்தது முழுக்கக் கோபம். கொள்ளை, திருட்டு, வெட்கக்கேடு. கோபம் நியாயமானதுதான். ஆனால் அதைப் போலவே நூற்றுக்கணக்கில் வரும். நான் அவரிடம் பழைய பில்கள் இருக்கிறதா என்று கேட்டேன். மனிதர் ஷூ பெட்டியில் வருட வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்.

இரண்டு ஜனவரி பில்களை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மனைவி இறந்த பிறகு மாடி அறையின் ஹீட்டர் வழியை அடைத்துவிட்டார், தெர்மோஸ்டாட் 64 டிகிரி ஃபாரன்ஹீட்டில். தெர்ம் இறங்கியிருந்தது. விநியோகக் கட்டணமோ ஏறியிருந்தது. "நான் சொன்னபடி குறைத்துப் பயன்படுத்தினேன், ஆனாலும் அதிகம் கட்டுகிறேன்" என்று ஒரே வாக்கியம், கீழே இரு பில்களின் எண்கள். அவ்வளவுதான் அனுப்பினோம்.

ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆளுக்குச் சில நிமிடம்தான். அவர் அந்த இரண்டு தாள்களையும் தூக்கிக் காட்டி அதே வாக்கியத்தைப் படித்தார். அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய பேச்சு தீர்ப்பை மாற்றியது என்று சொல்ல மாட்டேன். தீர்ப்பு சாட்சியத்தின் மேல்தான் எழுதப்படுகிறது, பொதுமக்கள் கருத்து சத்தியப் பிரமாணம் எடுத்துச் சொன்ன சாட்சியம் ஆகாது. ஆனால் நிலைக்கட்டணம் யாரைக் கடிக்கிறது என்று வக்கீல் வாதாடும்போது, அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிஜ ஆள் கிடைக்கிறார்.

2025 பிப்ரவரி 8

தொழிற்சாலைகளும் இந்த வழக்கில் தங்கள் வக்கீலோடு வந்து உட்காருகின்றன. நிறுவனத்துக்கு எதிராக நாமும் அவர்களும் ஒரே பக்கம் என்று தோன்றும். மொத்தத் தொகையைக் குறைக்கிற வரை ஒரே பக்கம்தான். அந்தத் தொகையை யார் எவ்வளவு சுமப்பது என்று வரும்போது நேர் எதிர்ப் பக்கம். தெருக்குழாயின் செலவில் பெரும்பங்கை வீடுகள் தலையில் வை, நாங்கள் பெரிய குழாயிலிருந்து நேராக எடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம். வீடுகளுக்கு என்று தனியாக ஆள் இல்லாவிட்டால், மொத்தம் வெட்டப்பட்ட வருடத்திலும் நம் பில் மட்டும் ஏறலாம். செய்தித்தாளில் மொத்தத் தொகைதான் வரும், இந்தப் பங்கீடு வராது.

2025 பிப்ரவரி 21

நேற்று ஆணையம் பீப்பிள்ஸ் கேஸின் குழாய் வேலை பற்றி உத்தரவு போட்டிருக்கிறது. நைகோர் வழக்கு இல்லை, ஆனாலும் இங்கே பேசியாக வேண்டும், ஏனென்றால் பணம் உண்மையில் போகும் இடம் இது.

சிகாகோவின் தெருக்களுக்கு அடியில் பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் இருக்கின்றன, சில 19-ஆம் நூற்றாண்டில் போட்டவை. 2011-இல் அவற்றை மாற்றும் பெரிய திட்டம் தொடங்கியது. 2013-இல் மாநிலச் சட்டம் ஒன்று, குழாய் வேலைக்கான செலவை முழு வழக்கு இல்லாமலே பில்லில் தனிக் கட்டணமாக வசூலிக்க வழிவிட்டது. 2023 கடைசி வரை அந்த வழி திறந்திருந்தது. நடுவில் திட்டச் செலவு முதலில் சொன்னதைவிடப் பல மடங்கு போனது. 2023 தீர்ப்பில் ஆணையம் திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்க்கலாம் என்றது. நேற்று வந்திருப்பது அதன் முடிவு: ஆபத்தான வார்ப்பிரும்பு, டக்டைல் இரும்பு (வார்ப்பிரும்பில் இன்னொரு வகை) குழாய்களில் விட்டம் 36 அங்குலத்துக்குக் குறைவானவற்றை 2035 ஜனவரி 1-க்குள் எடுத்துவிட வேண்டும். மொத்தம் ஆயிரம் மைலுக்கு மேல்.

நுகர்வோர் தரப்பு முன்பிருந்தே கேட்டது இதுதான். ஆபத்தான குழாயை முதலில் மாற்று, அதைச் சாக்காக வைத்து ஊர் முழுக்க எல்லாவற்றையும் புதிதாகப் போடாதே. போட்ட ஒவ்வொரு டாலரும் ரேட் பேஸில் ஏறும், ஏறினால் பல பத்தாண்டுகள் லாபம் தரும். செலவு செய்யச் செய்ய லாபம் கூடுகிற தொழில் இது. ஆகவே கட்டணத்தை எதிர்க்க வேண்டிய நேரம் பில் வரும்போது இல்லை, குழி தோண்டுவதற்கு முன்.

2025 பிப்ரவரி 23

நேற்று முன்தினம் எழுதியதன் மேல் ஒரு எதிர்வாதம் வந்திருக்கிறது. எழுதியவர் குழாய் வேலை செய்பவர். "நீங்கள் டாலரைப் பார்க்கிறீர்கள், நான் கசிவைப் பார்க்கிறேன். ஒரு வீடு வெடித்தால் கப் வந்து பதில் சொல்லுமா?"

சரியான கேள்வி, இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. 2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் பிஜி அண்ட் ஈ என்ற நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்தது. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. மலிவாக இருக்கட்டும் என்று பாதுகாப்பை வெட்டுவது நுகர்வோர் நலன் இல்லை. அந்தக் குழாயின் மேல் படுத்துத் தூங்குவதும் நுகர்வோர்தான்.

ஆனால் அதே சான் புரூனோவுக்குப் பிறகு மாநிலம் போட்ட தணிக்கையில் தெரிந்தது என்ன? எரிவாயு அமைப்பின் பாதுகாப்புக்கும் இயக்கத்துக்கும் என்று வாடிக்கையாளர்களிடம் வாங்கிய பணத்தில் 10 கோடி டாலருக்கு மேல் வேறு காரியங்களுக்குப் போயிருந்தது. 2015-இல் அந்த மாநில ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. கட்டணத்தை ஏற்றினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. வாங்கிய பணம் சொன்ன குழாய்க்குப் போனதா என்று பின்னாலேயே போய்ப் பார்க்கிற ஆள் வேண்டும். அதுவும் நுகர்வோர் பிரதிநிதியின் வேலைதான், கட்டணத்தைக் குறைப்பதைவிட முக்கியமான வேலை. இதை நான் இழையின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நண்பருக்கு நன்றி.

2025 மார்ச் 1

கோவையிலிருந்து ஒருவர்: "நம்ம ஊரில் இப்படி உண்டா?" மின்சாரத்துக்கு உண்டு. 2022-இல் தமிழ்நாட்டு மின்கட்டண மனுவுக்கு ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. 2003 மின்சாரச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு, நுகர்வோர் நலனைப் பிரதிநிதித்துவம் செய்ய ஆணையம் ஒருவரை அமர்த்தலாம் என்கிறது. "அமர்த்தலாம்", அவ்வளவுதான். இங்கே போல நிதியும் நிபுணரும் கொண்ட நிரந்தர அலுவலகத்துக்கு அது ஈடாகாது. வீட்டு சிலிண்டர் விலைக்கோ இப்படி ஒரு விசாரணையே கிடையாது.

2025 மார்ச் 9

கப்-புக்குப் பணம் எங்கிருந்து என்று கேட்கிறீர்கள். நன்கொடை, உறுப்பினர் சந்தா இவை முக்கிய ஆதாரம். 1980-களில் வேறு ஒரு யோசனை இருந்தது. கேஸ் பில் வருகிற அதே உறையில் நுகர்வோர் அமைப்பின் ஒரு தாளையும் வைத்து அனுப்பினால் தபால் செலவே இல்லாமல் ஒவ்வொரு வீட்டையும் எட்டலாம். கலிஃபோர்னியாவில் டர்ன் என்ற அமைப்புக்கு ஆணையம் அப்படி அனுமதி கொடுத்தது. பிஜி அண்ட் ஈ உச்ச நீதிமன்றம் போய், எங்கள் உறையில் எங்களுக்குப் பிடிக்காத பேச்சை வைக்கச் சொல்வது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 1986-இல் வென்றது. அதற்குப் பிறகு இல்லினாயில் மாநில அரசின் தபால்களோடு தாள் வைக்கும் வழியைத் தேடிக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கம், கட்டண வழக்கை நடத்த நிறுவனம் அமர்த்தும் வக்கீல், நிபுணர் செலவு, நியாயமானது என்று ஆணையம் ஒப்புக்கொண்டால், நம் கட்டணத்தில் சேரும். நமக்கு எதிராக வாதாட நாமே கட்டுகிறோம். நமக்காக வாதாடுபவர்கள் நன்கொடை கேட்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. கலிஃபோர்னியாவில், வழக்கில் உருப்படியான பங்களிப்புச் செய்த நுகர்வோர் தரப்புக்கு வக்கீல் செலவைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கிறது. அது எல்லா மாநிலத்திலும் வர வேண்டும்.

2025 மார்ச் 16

அரோராவிலிருந்து ஒரு அக்கா கேட்டது: "நாங்கள் எரிவாயுவை விட்டு, மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு மாறப் போகிறோம், எங்களுக்கு இதில் என்ன கவலை?" அக்கா, கவலை உங்களுக்கில்லை, பின்னால் இருப்பவர்களுக்கு. பணம் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எரிவாயுவை விட்டுப் போனால், அதே குழாயின் செலவைக் குறைந்த பேர் சுமப்பார்கள். கடைசியில் நிற்பது வாடகை வீட்டில் இருப்பவர், ஹீட்டரை மாற்றச் சொல்ல உரிமை இல்லாதவர். 2023 தீர்ப்போடு ஆணையம் எரிவாயுவின் எதிர்காலம் பற்றித் தனி விசாரணை தொடங்கியதும் இதற்காகத்தான். வருமானத்துக்கு ஏற்ற தள்ளுபடிக் கட்டணமும் அந்தத் தீர்ப்புகளில் வந்ததே. வருமானம் குறைவானவர் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் லைஹீப் என்ற, எரிசக்தி பில் கட்ட அரசு தரும் உதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், தள்ளுபடிக்கும் அதுதான் வாசல்.

2025 மார்ச் 22

கருத்து எழுதப் போகிறவர்களுக்கு. ஆணையத்தின் இணையதளத்தில் நைகோர் வழக்கின் எண்ணைத் தேடி அதன் கீழ் எழுதுங்கள், பொதுவாக எழுதினால் வேறெங்காவது போய்விடும். இரண்டு வருடத்து ஒரே மாத பில்கள், தெர்ம் எவ்வளவு, விநியோகக் கட்டணம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், என்னென்ன குறைத்தீர்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிற பெரியவர்கள் தமிழிலேயே எனக்கு அனுப்புங்கள், மொழிபெயர்த்துத் தருகிறேன். கணக்கு எண்ணை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டு அனுப்புங்கள்.